இடக்கை நாடி

(கயத்தாறில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு ஒரு நாட்டு வைத்தியர் வந்து போவார். மடத்துத் திண்ணைதான் அவருக்கு ஆஸ்பத்திரி. ஆம்பிளை வந்தால் வலக்கையை வாங்குவார், பொம்பிளை வந்தால் இடக்கையை. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சுட்டு விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஆச்சிக்குத் துணையாகப் போனவன் சும்மா இருக்கவில்லை. "தாத்தா, பொம்பிளையாளுக்கு மட்டும் ஏன் எடது கை?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "ரத்தம் ஒண்ணுதாம்டா. ஓட்டம் வேற" என்றார்.

பிறகு நான் மருத்துவம் படித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்தினேன். வலக்கை இடக்கை என்ற பாகுபாட்டுக்கு நான் படித்த எந்த மருத்துவப் புத்தகத்திலும் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம், 'ஓட்டம் வேற' என்றாரே, அதை என்னால் தள்ள முடியவில்லை. ஆணின் தமனிக்கும் பெண்ணின் தமனிக்கும் வயதாகிற விதம் வேறுதான். எந்த வயதில், எந்த வேகத்தில், என்ன விளைவோடு வேறு என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுவோம். நம் பக்கம் எல்லாவற்றுக்கும் 'நரம்பு' என்று பெயர். "ஊசி போட நரம்பு கிடைக்கலை" என்கிறோமே, அது நரம்பு இல்லை, இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருகிற சிரை. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோகிற குழாய் தமனி. நாடி துடிப்பது தமனியில். நான் பேசுவது அதன் சுவரைப் பற்றி.

அந்தச் சுவருக்கு மூன்று அடுக்கு. உள்ளே இரத்தத்தைத் தொட்டுக்கொண்டு வழவழப்பான மெல்லிய உள்ளுறை. வெளியே தாங்கிப் பிடிக்கிற வெளியுறை. நடுவில் இருக்கிற உறையில்தான் கதையே இருக்கிறது. அதில் இரண்டு வகை நார். ஒன்று எலாஸ்டின், ரப்பர் மாதிரி இழுபடும், விட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். இன்னொன்று கொலாஜன், தாம்புக்கயிறு மாதிரி, லேசில் நீளாது.

இதை வகுப்பில் விளக்க நான் எப்போதும் ஜட்டியின் இடுப்புப் பட்டையைத்தான் காட்டுவேன். சிரிக்காதீர்கள். (பாவாடை நாடாவில் இந்த உதாரணம் வேலை செய்யாது, தாய்மார்கள் மன்னிக்க வேண்டும்.) அந்தப் பட்டையில் ரப்பர் இழை இருக்கிறது, அதைச் சுற்றிப் பருத்தி நூல் இருக்கிறது. புதுசில் இழுத்தால் ரப்பர் இழுபடுகிறது, நூலுக்கு வேலை இல்லை. இரண்டு வருஷம் துவைத்துக் காயப்போட்ட பிறகு ரப்பர் இழைகள் உள்ளுக்குள்ளே அற்றுப்போகின்றன. அப்புறம் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கும். பட்டை தொளதொளவென்று அகன்றுவிடும். அகன்றதை மேலும் இழுத்துப் பார்த்தால் ஒரு இம்மி நகராது, ஏனென்றால் இப்போது பாரம் தாங்குவது நூல். நம் பெருந்தமனிக்கு, அதாவது இதயத்திலிருந்து முதலில் கிளம்புகிற பெரிய குழாய்க்கு, வயதானால் நடப்பது அப்படியே இதுதான். அகலமும் கூடும், விறைப்பும் கூடும். இரண்டும் எப்படிச் சேர்ந்து கூடும் என்று மாணவர்கள் குழம்புவார்கள். பட்டையைக் காட்டினால் குழப்பம் போய்விடும்.

ஏன் அறுகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 70 துடிப்பு. ஒரு நாளைக்கு ஒரு லட்சம். வருஷத்துக்கு மூன்றே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. அறுபதாம் கல்யாணம் முடிக்கிற ஒருவருடைய பெருந்தமனி 220 கோடி தடவை விரிந்து சுருங்கியிருக்கிறது. எந்தத் தொழிற்சாலை ரப்பர் இதைத் தாங்கும்? இந்த எலாஸ்டினில் பெரும்பகுதி நாம் தாய் வயிற்றில் கடைசி மாதங்களில் இருக்கும்போதும் பிறந்த முதல் சில வருஷங்களிலும் நெய்யப்பட்டது. அதற்கு மேல் உடம்பு அதைப் பெரிதாக உற்பத்தி செய்வதில்லை. அறுந்த இடத்தில் கொலாஜன் வந்து உட்காரும். சர்க்கரை கூடினால் கொலாஜன் நார்களுக்குள் குறுக்குமறுக்காகப் பின்னல் விழும். போதாததற்குச் சுண்ணாம்பும் படியும்.

பெருந்தமனி ரப்பர் மாதிரி இருப்பதால் நமக்கு என்ன லாபம்? இதயம் விட்டு விட்டு அடிக்கிற பம்பு. அடிக்கும்போது இரத்தம் போகிறது, மறு அடி வரை ஒன்றுமில்லை. ஆனால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இடைவிடாமல் இரத்தம் வேண்டும். இதயம் அடிக்கிற நேரத்தில் பெருந்தமனி உப்பி ஏறக்குறைய பாதி இரத்தத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இதயம் ஓய்கிற நேரத்தில் சுருங்கி அதை முன்னுக்குத் தள்ளுகிறது. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் 1733-ல் எழுதிய புத்தகத்தில் இதை அந்தக் காலத்துத் தீயணைப்பு எந்திரத்துக் காற்றறையோடு ஒப்பிட்டார். கையால் விட்டு விட்டு அடித்தாலும் காற்றறை இருப்பதால் குழாய் முனையில் தண்ணீர் ஒரே சீராகப் பீய்ச்சும். தீப்பெட்டி ஆபீஸ் நிறைந்த வட்டாரம் இது, தீயணைப்பு வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குழாய் விறைத்தால் அந்தக் காற்றறை போச்சு. ஒவ்வொரு அடியும் அடியாகவே போய்ச் சேரும். மூளையும் சிறுநீரகமும் ஏராளமாக இரத்தம் வாங்குகிற உறுப்புகள், வாசலில் தடுப்பு குறைவு. மெல்லிய உள் குழாய்கள் வரை அந்த அடி போய் இடிக்கும். ஞாபக மறதிக்கும் சிறுநீரகப் பழுதுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

எல்லாத் தமனியும் ஒரே மாதிரி கெட்டுப்போவதில்லை. வாலிப வயதில் ஒவ்வொரு துடிப்புக்கும் பெருந்தமனி பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். கையில் ஓடுகிற தமனிகள் அதில் கால்பங்கு வாக்கில்தான் விரியும். உழைப்பு குறைவு, தேய்மானமும் குறைவு. எண்பது வயதுக் கிழவருடைய மணிக்கட்டுத் தமனி கிட்டத்தட்ட வாலிபமாகவே இருக்கலாம். அப்படியானால் வைத்தியர் தொட்டுப் பார்த்தது கெடாத குழாயைத்தானே என்று நீங்கள் கேட்கலாம். குழாய் கெடவில்லை, ஆனால் அதன் வழியாக வருகிற அலையின் வடிவம் பெருந்தமனியின் சேதியைச் சுமந்துகொண்டு வருகிறது.

அந்த வடிவத்தைச் சீராகப் படித்த ஒருவருடைய கதை நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது அயர்லாந்துக்குப் போய் அங்கே 1794-ல் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர், லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை வைத்தவர், பிரைட்டன் நகரத்தில் ராஜாக்களுக்கெல்லாம் ஷாம்பு குளியல் போட்டவர். அவருடைய பேரன் பிரெடெரிக் அக்பர் முகமது, லண்டன் கைஸ் மருத்துவமனையில் டாக்டர். 1870-களில் அவர் நாடித்துடிப்பை ஒரு நெம்புகோல் கருவியால் புகை படிந்த தாளில் கோடாக எழுத வைத்தார். வாலிபர் கோடு ஒரு மாதிரி, வயதானவர் கோடு வேறு மாதிரி. வியாதி வெளிப்படும் முன்பே, நல்ல ஆரோக்கியமாகத் தெரிகிறவர்களுக்கும் இரத்த அழுத்தம் கூடியிருக்கலாம் என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொன்னார். கையில் பட்டை கட்டி அளக்கிற பிரஷர் கருவி அப்போது பிறக்கவே இல்லை. 35 வயதில் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். மருத்துவ வரலாற்றில் இவருக்கு இன்னும் பெரிய நாற்காலி போட்டிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இப்போது வேகத்துக்கு வருவோம். நாடி அலையின் வேகம் வேறு, இரத்தம் ஓடுகிற வேகம் வேறு. கோவில்பட்டி ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிக்கு எஞ்சின் கோர்க்கிறபோது நின்று பார்த்திருப்பீர்கள். எஞ்சின் வந்து மெல்ல இடிக்கும். 'டக டக டக' என்று அந்த இடி கடைசிப் பெட்டி வரை ஓடிப் போகும். பெட்டிகள் நகர்ந்தது ஒரு முழம். இடி ஓடியது அரைக் கிலோமீட்டர். நாடியும் அப்படிப்பட்ட இடிதான். குழாய் விறைக்க விறைக்க அது வேகமாக ஓடும். 1808-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் தாமஸ் யங் இதைப் பற்றிச் சொற்பொழிவே ஆற்றினார். ஒளியை அலை என்று நிரூபித்தாரே, அதே யங்தான், தொழிலால் டாக்டர். 1878-ல் மோயன்ஸ், கோர்ட்டெவெக் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் சூத்திரம் எழுதிவிட்டார்கள். சுவரின் விறைப்பையும் சுவரின் தடிமனையும் பெருக்கி, குழாயின் அகலத்தால் வகுத்தால் அலை வேகத்தின் வர்க்கம் எந்த விகிதத்தில் கூடும் என்று தெரிந்துவிடும். தடிமனும் விறைப்பும் அந்தச் சூத்திரத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

கழுத்தில் ஒரு கருவி, தொடை இடுக்கில் ஒரு கருவி வைத்து, இரண்டுக்கும் இடையில் நாடி ஓடுகிற நேரத்தை அளக்கிறார்கள். எட்டு ஐரோப்பிய நாடுகளில் எடுத்த அளவுகளைச் சேர்த்து 2010-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். வேறு கோளாறு இல்லாதவர்களுக்கு, முப்பது வயதுக்குள் விநாடிக்கு 6.2 மீட்டர். நாற்பதுகளில் 7.2. எழுபதுக்கு மேல் 10.9. ஐம்பது வரைக்கும் மெல்ல ஏறி, அதற்கப்புறம் செங்குத்தாக ஏறுகிறது. பத்து மீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை என்று மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள்.

வேகமாகப் போன அலை முட்டித் திரும்பியும் வேகமாக வரும். வாலிபத்தில் அந்த எதிரலை, இதயம் அடித்து முடித்து ஓய்கிற நேரத்தில் வந்து சேரும். இதயத்தின் சொந்தத் தமனிகளில் இரத்தம் பாய்கிற நேரம் அது, வந்த அலை அதற்கு ஒத்தாசை செய்யும். வயதான குழாயில் அது சீக்கிரமே வந்து, இதயம் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே எதிரே முட்டுகிறது. ஆக மேல் பிரஷர் கூடும், கீழ் பிரஷர் குறையும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் ஊர்க்காரர்களை ஆயுள் முழுக்கத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். அதில் தெரிந்தது: மேல் பிரஷர் வயதோடு ஏறிக்கொண்டே போகும், கீழ் பிரஷர் ஐம்பதைத் தாண்டியதும் இறங்கத் தொடங்கும். 120-க்கு 80 என்றால் இடைவெளி 40. எழுபது வயதில் 160-க்கு 70 என்றால் இடைவெளி 90. எங்கள் ஆச்சிக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. பார்த்த டாக்டர், "கீழ் பிரஷர் நல்லாருக்கு ஆச்சி, மேல உள்ளது வயசுக்குத் தக்கன" என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்: வயதோடு நூறைக் கூட்டு, அதுவரைக்கும் சரி. நானும் சில வருஷம் அதையே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கணக்கு பொய் என்று 1991-ல் தெரிந்தது. அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டிய 4,736 பேர், மேல் பிரஷர் மட்டும் கூடியவர்கள். ஒரு பாதிக்கு விலை மலிவான நீர் மாத்திரையில் தொடங்கி வைத்தியம் பார்த்தார்கள், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வைத்தியம் பார்த்த பக்கத்தில் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். எங்கள் ஆச்சி அதற்கு முன்பே பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, ஒன்றரை வருஷம் கட்டிலில் கிடந்து போய்விட்டாள்.

சூத்திரத்தில் விறைப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தடிமனைப் பற்றி இனிச் சொல்கிறேன். கயத்தாற்றில் நின்றுகொண்டு கழுத்தைப் பற்றிப் பேச நாக்கு தயங்கும். 1799 அக்டோபர் 16-ல் இங்கே ஒரு புளியமரத்தில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பேசுவது ஸ்கேன் கருவியைப் பற்றி. தாடைக்குக் கீழே கழுத்துத் தமனி தோலுக்கு அருகில் ஓடுகிறது. அதன் மேல் ஸ்கேன் வைத்தால் சுவர் இரண்டு கோடாகத் தெரியும். உள்ளுறையும் நடுவுறையும் சேர்ந்த தடிமன் அந்தக் கோடுகளுக்கு இடையிலுள்ள தூரம். 1986-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் அளந்து காட்டியதிலிருந்து உலகமெங்கும் இதை அளக்கிறார்கள். வாலிபத்தில் அரை மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். வருஷத்துக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் தடிக்கும். ஒரே வயதில் ஆண்களுக்குச் சற்றுக் கூடுதல், பெண்களுக்குச் சற்றுக் குறைவு.

நம் மாநிலத்துக் கணக்கும் உண்டு. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் வீடு வீடாகப் போய்ச் செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குக் கழுத்துத் தமனித் தடிமன் சராசரி 0.74 மில்லிமீட்டர், இருப்பவர்களுக்கு 0.95. வருஷத்துக்கு நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் வைத்தால் இந்த வித்தியாசம் இருபது வருஷம். சர்க்கரைக்காரர் தம் கழுத்தில் இருபது வயது கூடுதலாகச் சுமக்கிறார். பிறகு அதே குழு விறைப்பையும் அளந்தது. அதிலும் சர்க்கரைக்காரர்கள்தான் முந்தி நின்றார்கள்.

தடிப்பும் விறைப்பும் அடைப்பும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஊர் போர்த் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து துவாரம் குறுகுகிறதே, அது அடைப்பு. கொழுப்பு படிவது அந்த ரகம். துவாரம் நன்றாகவே இருந்து, குழாயே வெயிலில் கிடந்து முறுகிப் போவது விறைப்பு. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து "அடைப்பே இல்லை" என்று சந்தோஷப்படுகிறவருக்கும் விறைப்பு இருக்கலாம். இதில் அதிகம் ஏமாறுவது பெண்கள்.

பெண்ணின் கதை வளைந்து வளைந்து போகும். 2003-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பூப்படையும் முன் பெண் பிள்ளைகளின் பெரிய தமனி பையன்களுடையதைவிட விறைப்பாக இருந்தது. பருவம் வந்தபின் மாறிவிட்டது. பெண்களுக்கு இளகியது, பையன்களுக்கு விறைத்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு. அது உள்ளுறையிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் தூண்டும், குழாய் தளர்ந்து கொடுக்கும். ஆக இருபதிலிருந்து நாற்பத்தைந்து வரைக்கும் ஆண்களைவிடப் பெண்களுக்கு நல்ல காலம். மாரடைப்பு ஆம்பிளை வியாதி என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது.

மாதவிலக்கு நிற்கிற வயதில் அந்தக் காவல் போய்விடும். அதன்பின் விறைப்பு ஏறுகிற வேகம் பெண்களுக்குக் கூடுதல். ஐம்பது வரை ஆண்களுக்குக் கீழே இருந்த மேல்-கீழ் பிரஷர் இடைவெளி, அறுபதுகளில் ஆண்களைத் தாண்டிப் போகும். உயரமும் ஒரு காரணம். ஆள் குட்டையாக இருந்தால் அலை போய்த் திரும்புகிற தூரம் குறைவு, எதிரலை சீக்கிரம் வந்துவிடும். உயரத்துக்குச் சரிக்கட்டிப் பார்த்தாலும் பெண்களின் பெருந்தமனி சற்றுச் சிறிது.

போன ஹார்மோனை மாத்திரையாகத் தந்தால் குழாய் இளகிவிடாதா? பல வருஷம் டாக்டர்கள் அப்படித்தான் நம்பினார்கள். 2002-ல் அமெரிக்காவின் மிகப் பெரிய பெண்கள் நல ஆய்வில் அந்த மாத்திரை தந்த பகுதியைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மார்பகப் புற்றுநோயும் கூடியது, இதய நோயும் பக்கவாதமும்கூடக் கூடின. உடம்பு தானாகச் சுரப்பதும் நாம் வெளியிலிருந்து போடுவதும் ஒன்றல்ல.

விறைத்த குழாயை எதிர்த்து அடித்து அடித்து இதயத்தின் தசை தடித்துவிடும். தடித்த இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் ஓய்வெடுத்து விரியத் தெரியாது. நிரம்ப இடமில்லாததால் இரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் இருமல். எக்கோ எடுத்துப் பார்த்தால் பம்பிங் அறுபது சதவீதம். "பம்பிங் நார்மல்மா, கேஸ்தான்" என்று சொல்லி மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். இப்படி வருகிற இதயத் தளர்ச்சி வயதான பெண்களுக்குத்தான் அதிகம். 'கேஸ்' என்ற இந்த ஒரு சொல்லை ஒரு வருஷத்துக்கு யாரும் உபயோகிக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் நான் ஓட்டுப் போடுவேன்.

இன்னும் இரண்டு விஷயம், தாய்மார்கள் டாக்டரிடம் தாங்களாகவே சொல்ல வேண்டியவை. கர்ப்பத்தில் பிரஷர் வந்து, கால் வீங்கி, உப்பு நீர் என்று சொல்லி அவசரமாகப் பிள்ளை எடுத்தார்கள் என்றால், அந்தப் பிரஷர் பேறுகாலத்தோடு முடிந்த கதை இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் தமனி விறைப்பும் பிற்காலத்து இதய நோயும் கூடுதலாக வருகின்றன. இருபத்தைந்து வருஷம் கழித்து வேறு டாக்டரிடம் போகும்போதும் அதைச் சொல்லுங்கள். அதேபோல, கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சின்ன வயதிலேயே எடுத்திருந்தால், ஹார்மோன் காவல் அன்றைக்கே முடிந்துவிட்டது. நம் கரிசல் ஊர்களில் முப்பத்தைந்து வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்தவர்களை எனக்கு நிறையத் தெரியும். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்ற தாளைக் கையில் வைத்திருப்பவர்களை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எலாஸ்டின் தாய் வயிற்றில் நெய்யப்படுகிறது என்றேன். அந்தக் காலத்தில் சத்துக் குறைந்தால் என்ன ஆகும்? மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி 1934 முதல் பிறந்த பிள்ளைகளின் எடையை நோட்டில் எழுதி வைத்திருந்தது. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு 517 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 1996-ல் முடிவு வந்தது. பிறந்தபோது எடை குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதல். அதோடு நிற்காமல், இதை மாற்ற முடியுமா என்று பார்த்தது ஐதராபாத் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு. 1987 முதல் 1990 வரை அங்கே சில கிராமங்களில் அங்கன்வாடி வழியாகக் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உப்புமா மாதிரி ஒரு சத்துணவு கிடைத்தது. பக்கத்துக் கிராமங்களுக்குத் திட்டம் இன்னும் வந்து சேரவில்லை. அந்தப் பிள்ளைகள் பதின்ம வயதை எட்டிய பிறகு, 29 கிராமங்களில் 1,165 பேரை அளந்து 2008-ல் எழுதினார்கள். சத்துணவுக் கிராமத்துப் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரம் கூடுதல், தமனி விறைப்பின் அளவும் குறைவு. ஒரு கரண்டி உப்புமா, பதினைந்து வருஷம் கழித்துப் பிள்ளையின் நாடியில் தெரிகிறது!

காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இதோ பக்கத்தில் எட்டயபுரத்தில், 1956-ல். அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வருகிற வயதில் தமனியின் எலாஸ்டின் நெசவு பெரும்பாலும் முடிந்துவிட்டது. அதற்கு முந்தின பந்தி கர்ப்பிணியின் பந்தி. நம் வீடுகளில் அவள் கடைசியில்தானே சாப்பிடுகிறாள்? சட்டியில் இருந்தால் உண்டு.

உப்பைச் சொல்லாமல் போனால் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. 1985-ல் சீனாவில் இரண்டு பகுதி மக்களை ஒப்பிட்டார்கள், வடக்கே பெய்ஜிங், தெற்கே குவாங்சோ பக்கத்துக் கிராமங்கள். வடக்கத்தியார் சாப்பிட்ட உப்பு ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டு பக்கமும் வயதானால் நாடி அலை வேகம் ஏறியது, ஆனால் வடக்கே ஏறிய வேகம் அதிகம். இருவருக்கும் ஒரே பிரஷர் என்று வைத்து ஒப்பிட்டாலும் வடக்கத்தியார் குழாய்தான் விறைப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது, ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கஞ்சிக்குக் கடித்துக்கொள்கிற மோர் மிளகாய் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். கோவில்பட்டி கடலை மிட்டாயில் உப்பு இல்லையே என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இல்லைதான் அண்ணாச்சி. ஆனால் சர்க்கரை உள்ளவர் கழுத்தைப் பற்றி முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

பீடியும் அடுப்புப் புகையும் குழாய்க்குப் பகை. நடை நல்லது. நடுவயதில் விறுவிறுவென்று தினமும் நடக்கிறவர்களுக்குக் கழுத்துத் தமனியில் இளக்கம் கொஞ்சம் திரும்பி வருகிறது. ஆனால் அறுந்த எலாஸ்டினை மறுபடி நெய்கிற மருந்து இதுவரை கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது லேகியம் விற்றால் வாங்காதீர்கள்.

அளக்கிற கருவி நம் கைக்கு எப்போது வரும் என்று கேட்பீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையத்தில் ஜெயராஜ் ஜோசப், மோகனசங்கர் சிவப்பிரகாசம் குழுவினர் ஆர்ட்சென்ஸ் என்ற கருவியைச் செய்திருக்கிறார்கள். படம் காட்டாத ஸ்கேன் அது. கழுத்தில் வைத்தால் தமனிச் சுவர் அசைவதைத் தானே கண்டுபிடித்து விறைப்பைச் சொல்லிவிடும். படம் பார்த்துப் பழகிய ஆள் தேவையில்லை. ஐயாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்திருக்கிறார்கள். அது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் நான் முதல் ஆளாகப் போய்க் கழுத்தை நீட்டுவேன்.

அதுவரை நம்மிடம் இருப்பது பிரஷர் கருவிதான். 2020-ல் தமிழக அரசு எடுத்த கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு. கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர் நூற்றுக்கு ஏழு பேர் வாக்கில். அடுத்த வருஷம் ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதற்கு இது ஒரு காரணம். வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கிற அந்தத் தங்கச்சிகள் நோட்டில் இரண்டு எண்ணை எழுதுவார்கள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துப் பாருங்கள். நாற்பது வாக்கில் இருந்தால் நல்லது. அறுபதைத் தாண்டினால், கீழ் பிரஷர் எவ்வளவு அழகாக இருந்தாலும், டாக்டரிடம் அந்த இடைவெளியைப் பற்றியே கேளுங்கள்.

பின்னால் இரண்டு மேசை போட்டு நர்ஸ் தங்கச்சிகள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். வழக்கம்போல ஆம்பிளைகள் முந்திக்கொண்டு போய் வரிசையில் நிற்காதீர்கள், இன்றைக்கு முதல் வரிசை நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள், சேலை மடிப்பு, ஜாக்கெட் கைக்கு மேல் பட்டை கட்ட விடாதீர்கள். இரண்டு கையிலும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு கைக்கும் மறு கைக்கும் பதினைந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், இங்கேதான் நிற்பேன்.